அயல் வீட்டு நாயும் அடைபட்ட பொட்டும்

பங்குக் குருவானவரின் அறைவீட்டுக்கு மக்கள் கொண்டுவரும் முறைப்பாடுகள் பலவிதம். காணி எல்லை, சீதனம், குடிப்பழக்கம், பிள்ளைகளின் போக்கு என்பவற்றோடு அயல் வீட்டு நாயின் குரைப்பும் இடைக்கிடை அந்தப் படியேறி வருவதுண்டு. கேள்விப்படுபவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். ஆனால் மூன்று இரவுகள் தொடர்ந்து கண்மூடாது கிடந்த ஒருவருக்கு இது சிரிப்பான காரியமன்று. நித்திரை கெட்டால் பொறுமை கெடும். பொறுமை கெட்டால் வாய் கெடும். வாய் கெட்டால் அயல் கெடும். ஆகவே இந்தச் சிறிய விடயத்தையே இவ்வாரம் நமது பாடமாக எடுத்துக்கொள்வோம்.

நடந்த ஒரு சம்பவம்

பல வருடங்களுக்கு முன்னர் நான் பணியாற்றிய ஒரு பங்கில் இரண்டு குடும்பங்கள் ஒரே வேலிக்கு இருபுறமும் வாழ்ந்தன. அந்த வேலியில் ஒரு பொட்டு இருந்தது. இப்பக்கத்துக் கறிச்சட்டி அப்பக்கம் போவதும், அப்பக்கத்துப் பிள்ளைகள் இப்பக்கம் வருவதும் அந்தப் பொட்டு வழியாகத்தான். ஒரு வீட்டில் மூத்த பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிட்டனர். ஓர் இரவு அங்கே களவு போயிற்று. காவலுக்கென்று பெற்றோர் ஒரு நாயை வாங்கிப் படலையடியில் சங்கிலியிற் கட்டினர். நாய் இரவெல்லாம் குரைத்தது. மறு வீட்டிலோ படுக்கையிற் கிடக்கும் ஒரு பாட்டியும், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பெண்பிள்ளையும் இருந்தனர்.

தொல்லைப்பட்ட குடும்பத்தார் இதைக் கடையிற் சொன்னார்கள், கிணற்றடியிற் சொன்னார்கள், கோயில் முற்றத்திற் சொன்னார்கள், என்னிடமும் வந்து சொன்னார்கள். சொல்லாத இடம் ஒன்றே ஒன்று. அது வேலிக்கு அப்பால் இருந்த அந்த வீடு. நானும், “கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று கூறி அனுப்பிவிட்டேன். “அவர்களிடம் நேரிற் சொன்னீர்களா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

ஒரு நாட்காலை அந்த நாய் வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது. நஞ்சு வைத்தது யார் என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது. ஆனால் கடையிலும் கிணற்றடியிலும் பேசிய பேச்சுகள் எல்லாம் அன்று சாட்சிகளாக எழுந்து நின்றன. மறு வீட்டார் சத்தியம் பண்ணியும் நம்புவார் இல்லை. வேலிப் பொட்டு தகரத்தால் அடைபட்டது. சில மாதங்களில் பாட்டி காலமானபோது, நாற்பது வருட அயலவர்கள் செத்தவீட்டுக்கு வராமல் ஒழுங்கையில் நின்று பிரேதம் போவதைப் பார்த்தார்கள். நான் மாற்றலாகிப் போகும்வரை அந்தத் தகரம் அப்படியே இருந்தது.

சொந்தக்காரருக்குக் கேட்பதில்லை

இதில் நாம் கற்க வேண்டிய முதற் பாடம் ஒன்றுண்டு. நாய் குரைப்பது பெரும்பாலும் அதன் சொந்தக்காரருக்குத் தெரியாது. இதை நம்புவது கடினம், ஆயினும் உண்மை. பல நாய்கள் வீட்டில் ஆளில்லாத நேரத்திலேயே அதிகம் குரைக்கின்றன. தனிமைப்பட்ட நாய் வீட்டாரைத் தேடிக் குரைக்கிறது. அவர்கள் படலையைத் திறந்ததும் வாலாட்டிக்கொண்டு அமைதியாகிவிடுகிறது. வேலையால் திரும்புகிறவர் காண்பது அந்த அமைதியான நாயை மட்டுமே. இரவிலும் அப்படியே. தன் வீட்டு மணிக்கூட்டின் சத்தத்துக்கு ஒருவர் விழித்தெழாததுபோல, பழகிய குரைப்புக்கும் அவர் விழிப்பதில்லை.

ஆகவே, “தெரிந்துகொண்டுதானே எங்களை வருத்துகிறார்கள்” என்று நாம் மனதிற் கட்டும் கோட்டைக்குப் பலவேளைகளில் அத்திவாரம் இல்லை. அவர்களுக்குத் தெரியாது. அறிந்தவர் நாம். அறிந்தவரே சொல்ல வேண்டும்.

நாய் ஏன் குரைக்கிறது?

காரணமின்றி நாய் குரைப்பதில்லை. மனிதக் காது வினாடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகள் வரையான ஒலியையே கேட்கும். நாயின் காது 40,000க்கு மேற்பட்ட அதிர்வுகளையும் கேட்கும். நமக்கு அமைதியாகத் தோன்றும் இரவு அதற்கு அமைதியன்று. தெருவைப் பார்த்தபடி சங்கிலியிற் கட்டப்பட்ட நாய் போவோர் வருவோர் எல்லாரையும் காண்கிறது. ஆனால் கிட்டப் போகவும் முடியாது, விலகி ஓடவும் முடியாது. அந்தத் தவிப்பு குரைப்பாக வெளிவருகிறது. பசி, தாகம், வெயில், உண்ணி, நோவு, பெருநாள் வெடிச்சத்தம், அயலில் ஒரு பெட்டைநாய் பருவத்துக்கு வருதல் ஆகியனவும் காரணங்களாகும்.

இதனாலேயே நேரத்தைக் குறித்துக்கொள்வது பயனுள்ளது. வேறொரு கரையோரப் பங்கில் ஓர் ஆசிரியர் கோபத்தோடு அயல் வீட்டுக்குப் போகாமல், ஒரு வாரம் அப்பியாசக் கொப்பியொன்றில் நாய் குரைக்கும் நேரங்களை எழுதி வைத்தார். பார்த்தபோது, இரவு முழுவதும் என்று அவர் எண்ணியிருந்தது உண்மையில் அதிகாலை மூன்றரை மணிக்கே தொடங்கியது. கடற்றொழிலாளர் ரோச் வெளிச்சத்தோடு ஒழுங்கையாற் கரைக்குப் போகும் நேரம் அது. கொப்பியோடு போய் அயலவருக்குக் காட்டினார். அவர்கள் இரவில் நாயைப் படலையடியில் விடாது குசினிப் பக்கம் கட்டினர். ஒரு வாரத்துக்குள் தொல்லை பெரிதும் குறைந்தது. காற்சதம் செலவில்லை, பகையும் இல்லை.

போய்ச் சொல்லும் விதம்

மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் (15-17) நமது ஆண்டவர் ஓர் ஒழுங்கைத் தருகிறார். குற்றம் செய்த சகோதரனிடம் முதலிற் தனியே போக வேண்டும். கேளாவிட்டால் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதன் பின்னரே சபையிடம் சொல்ல வேண்டும். நாமோ இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் ஊருக்குச் சொல்கிறோம். பின்னர் இரண்டுபேரைச் சேர்க்கிறோம். உரியவரிடம் மட்டும் கடைசிவரை போவதில்லை. இக்காலத்தில், குரைப்பைக் கைத்தொலைபேசியில் பதிந்து பத்துப்பேருக்கு அனுப்புகிறவர்களும் உண்டு. அதைக் கேட்க வேண்டிய ஒரேயொருவர் அந்தப் பத்துப்பேருள் இருப்பதில்லை.

போகும்போது நான்கு காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, கோபம் கொதிக்கும் நடுச்சாமத்திற் போகாதீர்கள். வேலிக்கு மேலாற் கத்தாதீர்கள். பகலில், அவர்கள் ஓய்வாக இருக்கும் வேளையில், படலையைத் தட்டிப் போங்கள். இரண்டாவது, தனியாகவோ வாழ்க்கைத் துணையோடோ மட்டும் போங்கள். கூட்டமாகப் போனால் அது சண்டைக்கு வந்ததாகவே தோன்றும். மூன்றாவது, நாயைத் திட்டாமல், அவர்களது வளர்ப்பைப் பழிக்காமல், உங்கள் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லுங்கள். நான்காவது, தீர்வை அவர்களையும் சேர்த்தே தேடுங்கள்.

“உங்கடை நாயாலை மனிசர் இருக்கேலாமல் கிடக்கு, பொலிசிலை சொல்லிப்போடுவன்” என்று தொடங்கினால் பதிலும் அதே சுருதியில் வரும். அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “அக்கா, ஒரு விசயம் கதைக்க வேணும், குறை நினைக்கக்கூடாது. அம்மாவுக்கு இரவிலை நித்திரை இல்லை. விடியப்புறம் நாலு மணிக்கு நாய் குலைக்கத் தொடங்கினால் ஆறு மணிமட்டும் விடுகுதில்லை. உங்களுக்குக் கேட்குதோ தெரியாது. என்ன செய்யலாமெண்டு உங்களோடை கதைப்பம் எண்டுதான் வந்தனான்.” இப்படிக் கேட்டும் மனமிரங்காதவர் சிலர் இருக்கலாம். ஆனால் மிகச் சிலரே.

நாய் வளர்ப்பவர்களுக்கு

இனி, நாய் வளர்க்கும் வாசகர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் தூரதேசத்தில் இருக்க, தனியே வாழும் முதியவர்கள் பலருக்கு நாயே காவலும் துணையுமாக இருக்கிறது. தோபித்து ஆகமத்தில் இளைஞன் தோபியாவின் பயணத்தில் அவனுடைய நாயும் கூடச் சென்றதாக வாசிக்கிறோம். வேதாகமம் அந்த நாயையும் மறவாமற் குறிப்பிடுகிறது. எனவே நாய் வளர்ப்பது தவறன்று. ஆயினும் உங்கள் காவல் மற்றவரின் நித்திரையைக் களவாடக்கூடாது.

ஒருவர் வந்து சொன்னால், “எங்கடை நாய் அப்படிக் குலைக்கிறதில்லை” என்று உடனே மறுக்காதீர்கள். அவர் முதலில் உங்களிடமே வந்தாரே என்று நன்றி சொல்லுங்கள். பின்னர் செய்யக்கூடியவை பல உண்டு. நாயை வேலியோரத்திலும் படலையடியிலும் கட்டாமல் வீட்டோடு அண்டிய இடத்திற் கட்டுங்கள். நாள் முழுவதும் சங்கிலியில் விடாது, காலையும் மாலையும் நடத்திக் கூட்டிச் செல்லுங்கள். களைத்த நாய் நன்றாக உறங்கும். நிழலும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். குரைக்கும்போது நீங்களும் சேர்ந்து கத்தினால், எசமானும் தன்னோடு சேர்ந்து குரைப்பதாகவே அது எண்ணும். குரைக்கும்போது சாப்பாடு வைத்து அடக்காதீர்கள். அப்படிச் செய்தால் குரைத்தாற் சாப்பாடு வரும் என்றே அது படித்துக்கொள்ளும். அமைதியான பின் தடவிக்கொடுங்கள். திடீரென்று புதிதாக ஓயாமற் குரைத்தால் நோவு இருக்கலாம். மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்த நாய் துணைதேடி அலைவதும் ஊளையிடுவதும் குறையும். 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டப்படி நாயைப் பதிவு செய்வதும், வருடந்தோறும் விசர்நாய்த் தடுப்பூசி போடுவிப்பதும் உங்கள் கடமை. அதனால் அயலவரின் பயமும் குறையும்.

பழகிய வழக்கத்தை நாய் ஒரே நாளில் விடாது. மாற்றம் தொடங்கிய முதற் சில நாட்களில் குரைப்பு கூடவும் கூடும். ஆகவே இரு வீட்டாரும் மூன்று வாரத் தவணை வைத்துக்கொண்டு, அதன் பின்னர் மீண்டும் சந்தித்துப் பேசுவது நல்லது.

பேசியும் தீராவிட்டால்

இரண்டு மூன்று முறை பேசியும் பலனில்லை என்றால், இரு பக்கமும் மதிக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் உங்கள் பக்கம் பேசுபவராக இல்லாது, இரு பக்கத்தையும் கேட்பவராக இருக்க வேண்டும். தனக்குச் சம்பந்தமில்லாத சண்டையில் தலையிடுபவன், போகிற நாயைக் காதிற் பிடித்து நிறுத்துபவனுக்கு ஒப்பானவன் என்ற கருத்தை நீதிமொழிகள் ஆகமம் (26:17) கூறுவதையும் மறக்கவேண்டாம். அழைக்கப்படாமல் நுழைந்து எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

அதற்கும் மேல், நமது நாட்டில் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. மத்தியஸ்தர் குழாமிலிருந்து ஒவ்வொரு பக்கத்தாரும் ஒருவரைத் தெரிவர். அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவர். அவர்கள் நீதவான்கள் அல்லர். எவர்மீதும் தீர்ப்பைச் சுமத்துவதில்லை. இரு பக்கமும் தாமாகவே ஓர் இணக்கத்துக்கு வர உதவுகிறார்கள். பொலிசும் நீதிமன்றமும் கடைசிப் படியாகவே இருக்கட்டும். வழக்கில் வென்றாலும், அடுத்த நாளும் அதே வேலிக்கு இருபுறமும்தான் வாழ வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நஞ்சு வைப்பது ஒருபோதும் தீர்வாகாது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? கட்டிய இடத்திலிருந்து குரைப்பதைத் தவிர அந்தப் பிராணிக்கு வேறு வழியில்லை. நஞ்சிட்டுக் கொல்வது சட்டப்படி குற்றம்; கடவுளின் முன்னிலையிற் பாவம். வீசிய நஞ்சை அயற் பிள்ளையொன்று கையால் எடுக்கவும் கூடும். அத்தோடு, ஒரு வீட்டு நாய் நஞ்சில் இறந்தால், குற்றமற்ற அயலவனும் வாழ்நாள் முழுதும் சந்தேகத்தைச் சுமக்கிறான்.

அன்பார்ந்த வாசகர்களே, தீ பிடித்தாலும், நடுச்சாமத்தில் நெஞ்சுவலி வந்தாலும், வெளிநாட்டுப் பிள்ளை வந்து சேர முன்னர் ஓடி வருபவர் அயலவரே. அந்தப் பொட்டைத் தகரத்தால் அடைப்பதற்கு ஒரு மணித்தியாலம் போதும். மீண்டும் திறப்பதற்குச் சிலவேளை ஓர் ஆயுட்காலமும் போதாது. உங்கள் வேலியில் இன்னும் ஒரு பொட்டு இருந்தால், இன்றே அதன் வழியாகப் போய்ப் பேசுங்கள்.

குடும்பமாகச் சிந்திக்க

1. அயலவரைப் பற்றி நாம் ஊருக்குச் சொல்லி, அவரிடம் மட்டும் சொல்லாத குறை ஏதும் உண்டா?

2. நமது நாய், வானொலி, ஒலிபெருக்கி, பேச்சுச் சத்தம் ஆகியவற்றில் எது அயலவருக்குத் தொல்லையாக இருக்கக்கூடும்? நாம் எப்போதாவது கேட்டதுண்டா?

3. பேசாமல் விட்ட ஓர் அயல் வீட்டின் படலையை இந்த வாரம் நம்மில் யார் தட்டப்போகிறோம்?