எண்ணூர் வாசகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதியே காலம் தள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் எழுதிக் குடும்பம் நடத்தியவர்கள் தமிழில் மிகக் குறைவு. ஒரு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு எழுத வாருங்கள்.

பெயர் கிடைப்பதும் கஷ்டம். கல்கியே ஆனந்த விகடனில் 'ஆடல் பாடல்' விமர்சனப் பகுதியைக் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில்தான் எழுதினார். பிற்பாடு அதே விகடனில் விமர்சனக் குழு மார்க் போட்டது. '16 வயதினிலே' வாங்கிய 62.5 இன்றும் பேசப்படுகிறது. எழுதிய கை யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கல்கியிடம் நான் மதிப்பது அவருடைய சங்கீத ஞானத்தை. பாட்டுக்காகவே ஜனங்கள் படம் பார்த்த காலத்தில், பாட்டு தெரிந்தவர் எழுதினார். 1939-இல் அவர் கதையே 'தியாகபூமி' என்று படமானது. விகடனில் அது தொடராக வந்தபோது படத்தின் ஸ்டில்களையே போட்டார்கள். படத்துறைக்குள் கால் வைத்தவருக்குப் பழைய கறார் மிஞ்சுமா? கஷ்டம்தான். நண்பர் எடுத்த படம் என்றால் பேனா தயங்கத்தான் செய்யும். உங்களுக்கு அந்தத் தயக்கம் இன்னும் இல்லை.

கல்கிக்குச் சங்கீதம் தெரிந்த மாதிரி உங்களுக்கு உங்கள் ஊர் தெரியும். சினிமாவில் உங்கள் பக்கத்துக் காசிமேடு என்றால் அரிவாளோடு துரத்துகிறார்கள். விடிவதற்கு முன்னால் விசைப்படகிலிருந்து மீன் இறங்குவதும், ஏலத்தில் விலை ஏறுவதும், கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த விலையோடு மல்லுக்கட்டும் பெண்களும் எத்தனை படத்தில் இருக்கிறார்கள்? அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கொசஸ்தலை ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவுகிறவர் கதாநாயகனுக்குப் பின்னால்கூட வருவதில்லை. 'சார்பட்டா பரம்பரை' (2021) குத்துச்சண்டைப் பரம்பரைகளைக் காட்டியது. அதைச் சரி, தப்பு என்று சொல்லும் தகுதி, கோதாவைச் சுற்றி நின்று பார்த்த வடசென்னைப் பெரியவர்களுக்கு முதலில் உண்டு. அவர்கள் பேச்சு அச்சில் வர வேண்டும்.

அடுத்து உங்கள் பக்கம் எடுத்த படம் எது வந்தாலும் முதல் நாளே பாருங்கள். எது உண்மை, எது ஜோடனை என்று இரண்டு பக்கம் எழுதி எனக்கு அனுப்புங்கள். உங்கள் பெயரோடு போடச் சொல்லி ஆசிரியரிடம் நான் பேசுகிறேன்.

அன்புடன்,
உங்கள் விமர்சகர்