கோலம் பழக வருகிறவர்களுக்கு

மார்கழி நெருங்கினால் பொழிச்சலூரில் எங்கள் தெருப் பெண்கள் கோலம் பழக வருவார்கள். இப்போது இரண்டொரு பையன்களும் வருகிறார்கள். வாயால் சொல்வதை எழுதியும் வைக்கிறேன்.

1. முதலில் புள்ளி. ஊடுபுள்ளி 7, 4-இல் நிறுத்து என்றால் நடு வரிசையில் 7. மேலும் கீழும் 6, 5, 4. மொத்தம் 37. ஒரு புள்ளி நகர்ந்திருந்தால் கடைசி வளைவு காட்டிக்கொடுத்துவிடும்.

2. மாவைக் கிள்ளுங்கள், அள்ளாதீர்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சீராக வழியட்டும். தண்ணீர் தெளித்துப் பெருக்கி, ஈரம் முக்கால்வாசி இழுத்தபின் தொடங்குங்கள். சொதசொதவென்ற தரையில் மாவு மங்கிவிடும், காய்ந்த சிமெண்டில் பறக்கும். கல்மாவு நன்றாக வழியும். கொஞ்சம் பச்சரிசி மாவு கலந்தால் எறும்புக்கும் பங்கு.

3. கை பழகிவிட்டதா? இனி விளையாடலாம். 3 வரிசை, வரிசைக்கு 3 புள்ளி. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் கோடுகள் வெட்டிக்கொள்ளும்படி சிக்குக் கோலம் போடுங்கள். ஒரே இழையில் முடியாது, 3 இழை வரும். வரிசைக்கு 4 புள்ளியாக்குங்கள்: கிளம்பிய இடத்துக்கே ஒரே இழையில் வந்து சேர்வீர்கள். 4-க்கு 6 போட்டால் 2 இழை. பள்ளிக்கூடத்தில் மீப்பெரு பொது வகுத்தி என்று படித்தீர்களே, அதே கணக்கு.

அதோடு நிற்காதீர்கள். இரண்டு தனி இழைகள் வெட்டும் ஓரிடத்தில், வெட்டாமல் இரண்டையும் வளைத்துத் திருப்பிவிட்டால் அவை ஒன்றாகிவிடும். 3-க்கு 3 கோலத்தில் இப்படி இரண்டு இடங்களைச் சரியாகப் பார்த்து மாற்றினால் முழுக்கோலமும் ஒரே இழை. எந்த இரண்டு இடம் என்று சொல்ல மாட்டேன். இழைக்கொரு நிறத்தில் சாக்பீஸால் போட்டுப் பாருங்கள்.

4. வெட்டி வேலை என்று வீட்டில் யாராவது சொன்னால் தாம்பரத்தைக் காட்டுங்கள். அங்கே சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணியோடும் கமலா கிருதிவாசனோடும் சேர்ந்து கோலத்துக்கு இலக்கணம் எழுதினார். 1974-இல் கணினிப் படவியல் ஆய்விதழ் ஒன்றில் அது வந்தது. சின்னக் கோலம் என்ன விதிப்படி பெரிய கோலமாக வளர்கிறது என்பதை அவர்கள் கணினிக்காரர்களின் பாஷையில் எழுதினார்கள். நம் பாட்டிமார் விரலில் வைத்திருந்த விஷயம்தான். ஆனால் எழுதி வைத்தது அவர்கள் என்பதையும் மறுக்க முடியாது.

5. கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடாதீர்கள். வேகமாக ஓட்டிய வீடியோவில் போட்டவர் எங்கே தயங்கினார் என்று தெரியாது. கோலத்தை மனதில் படமாக வைத்துக்கொள்வதைவிட நடையாக வைத்துக்கொள்வது நல்லது: இங்கே சுற்று, அங்கே தாண்டு, அப்புறம் நேராக இறங்கு.

6. அடுக்குமாடிக்காரர்களுக்கு லிஃப்டுக்கும் வாசலுக்கும் நடுவே இரண்டடி இருந்தால் அதிகம். 5 புள்ளி போதும். ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, பாவம், காலையில் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள். ஆனால் ஒட்டிய கோலத்தில் நாளைக்கு ஒரு வளைவைக்கூட மாற்றிப் பார்க்க முடியாதே.

7. ஜனவரியில் மயிலாப்பூர் திருவிழாவுக்காக வடக்கு மாட வீதியில் கோலப்போட்டி நடக்கும். போனால் பக்கத்தில் போடுபவரின் விரலைப் பாருங்கள். பரிசு கிடக்கட்டும்.

8. வளைவு தப்பினால் அழிக்காமல், மற்ற மூன்று பக்கமும் அதே மாதிரி போட்டுவிட்டால் புதுக்கோலம். இது தேர்ந்த கைக்குத்தான். மாவே சீராக வழியாத கைக்கு இது வெறும் சாக்கு. முதல் வருடம் அழித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

9. பெரிய கோலத்தை நடுத்தெருவில் போடாதீர்கள். தண்ணீர் லாரிக்காரருக்குச் சிக்குக் கோலமும் தெரியாது, ரங்கோலியும் தெரியாது.