எந்தப் புரதம் என்று கேளுங்கள்

அன்புள்ள இளம் நரம்பியல் மருத்துவருக்கு,

நரம்புத் திசுவில் காங்கோ ரெட் சாயமேற்றி, முனைவாக்கப்பட்ட ஒளியில் ஆப்பிள் பச்சை மின்னியதும் நோய் பிடிபட்டுவிட்டது என்று தோன்றும். பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. படிந்திருப்பது அமிலாய்டு என்பதற்கு மேல் அந்தப் பச்சை எதுவும் சொல்லாது; சிகிச்சையோ எந்தப் புரதம் என்பதைப் பொறுத்தது. எலும்பு மஜ்ஜையின் பிளாஸ்மா செல்கள் சுரக்கும் லைட் செயின் என்றால் கீமோதெரபி. பெரும்பாலும் கல்லீரலில் உருவாகும் டிரான்ஸ்தைரெட்டின், அதுவும் பரம்பரையாக வந்தது என்றால், அதன் உற்பத்தியையே அடக்கும் பாட்டிசிரான் போன்ற மருந்து. 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புரதத்தைத் தவறாகக் கணித்துக் கீமோதெரபி கொடுத்தால் பக்கவிளைவுதான் மிச்சம்.

குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லை, பிளாஸ்மா செல்கள் சுரக்கும் மோனோகுளோனல் புரதமும் ரத்தத்தில் இருக்கிறது, லைட் செயின்தான், பிறகென்ன சந்தேகம் என்பீர்கள். லைட் செயின் நோய் என்று கருதப்பட்ட, குடும்ப வரலாறு இல்லாத 350 பேரை லண்டன் ஆய்வாளர்கள் பரிசோதித்து 2002இல் வெளியிட்ட முடிவைப் பாருங்கள். 34 பேருக்குப் பரம்பரை அமிலாய்டு மரபணு மாற்றம் இருந்தது; அந்த 34 பேரில் எட்டுப் பேருக்கு மோனோகுளோனல் புரதமும் இருந்தது. வயதானால் சிலருக்கு வருகிற புரதம் அது. ரத்தத்தில் ஒன்று மிதப்பதால் நரம்பில் படிந்திருப்பதும் அதுவே என்றாகாது. மரபணு அறிக்கையையும் இதே கண்ணால்தான் பார்க்க வேண்டும். தீர்ப்பு திசுவிலிருந்து வர வேண்டும்.

லைட் செயின் நோய் இதயத்தைத் தொட்டால் நாள் கடத்த முடியாது என்ற ஆட்சேபம் நியாயமானது. அதனால்தான் சோதனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அல்லாமல் ஒரே நாளில் அனுப்பச் சொல்கிறேன்: ஃப்ரீ லைட் செயின், டிரான்ஸ்தைரெட்டின் மரபணு, திசுவுக்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி. கடைசியது எல்லா ஊரிலும் இல்லைதான். ஆனால் நோயாளி பயணப்பட வேண்டாம், திசு பதித்த பாரஃபின் கட்டை போனால் போதும்.

இரண்டு வழக்கமான புரதங்களும் இல்லையென்றால் நோயாளியின் முகத்தைப் பாருங்கள். பின்லாந்தின் யோக்கோ மெரெத்தோயா 1969இல் விவரித்த, ஜெல்சோலின் என்ற புரதம் படியும் வகையில் நெற்றியைச் சுருக்கச் சொன்னால் சுருங்காது, தோல் தளர்ந்திருக்கும், ஸ்லிட் லேம்ப்பில் கார்னியாவில் வலைபோன்ற கோடுகள் தெரியும். கண் மருத்துவர் பல ஆண்டுகளுக்கு முன்பே அதைக் குறித்து வைத்திருக்கக்கூடும். பழைய சீட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். பயாப்சி கோரிக்கையில் “அமிலாய்டு உண்டா?” என்பதோடு “எந்த வகை?” என்றும் எழுதுங்கள். அதற்குப் பதில் வராத அறிக்கையைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள்.