கயிற்றில் ஒட்டிப்போன மணல்

மணவாளக்குறிச்சி என்றதும் வெளியூர்க்காரர்கள் மணல் ஆலையைத்தான் சொல்வார்கள். அந்த ஆலையின் கதையே ஒரு கைவேலையில்தான் தொடங்குகிறது. திருவிதாங்கூர்க் கரையிலிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஷாம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1909இல் சோதித்துப் பார்த்தார். அதில் மோனசைட் இருந்தது. கேஸ் விளக்கின் வலைக்கு வேண்டிய தோரியத்தை அதிலிருந்து எடுக்கலாம். ஓரிரு ஆண்டுகளில் அவர் இங்கேயே வந்து மணல் பிரிக்கும் ஆலை போட்டார். தேங்காய்க் கதம்பையை ஊறப்போட்டு, அடித்து, நாரெடுத்துக் கயிறு திரித்த பெண்களுக்குத் தங்கள் கயிறு எந்த நாட்டுக்குப் போனது என்பதுகூடத் தெரிந்திருக்காது.

எங்கள் பக்கத்தில் இப்போது பல பெண்கள் செல்போனை வைத்துக்கொண்டு கைவேலைப் பொருள் விற்க ஆரம்பித்திருக்கிறார்கள். பனையோலைப் பெட்டி, குரோஷா பின்னல், சிரட்டைக் கரண்டி என்று எல்லாம் போகிறது. அவர்களோடு பேசும்போதெல்லாம் இந்தக் கயிறு நினைவுக்கு வரும். சில நம்பிக்கைகள் வீட்டுக்கு வீடு அப்படியே திரும்ப வருகின்றன. அவற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

“இன்டர்நெட் வந்த பிறகுதானே நம்ம கைவேலை வெளியே போகுது?”

இல்லை. அந்தக் கயிற்றுக்கும் முன்னாலேயே போயிருக்கிறது. சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் என்ற மிஷனரித் தம்பதியர் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். 1821இல் மார்த்தா அங்கே பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். பின்னிய லேஸ் வெள்ளைக்காரர் வீடுகளுக்கும் இங்கிலாந்துக்கும் விலைக்குப் போனது. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல். அதற்கு முன்பே அடிமைக் குடும்பத்துப் பெண்கள் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிறகு 1897இல் பெல்ஜியத்திலிருந்து மரி லூயிஸ் தெ மீஸ்டர் என்ற துறவி முளகுமூட்டுக்கு வந்தார். அங்குள்ள கன்னியர் மடத்தின் தையல்வேலைக்கு இன்றைக்கும் பேர் இருக்கிறது.

ஆக, தூரத்துச் சந்தை நமக்குப் புதிதல்ல. வாங்குகிறவர் செய்தவரிடமே நேராகப் பேசுவதும், செய்தவரே விலை சொல்வதும்தான் புதிது. ஆனால் விலை சொல்லும் இடத்தில்தான் நம்மவர்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

“பிடிச்சு செய்யுற வேலைக்கு என்னத்துக்குக் கூலி?”

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா மூடி போட்ட ஓலைப்பெட்டி முடைவார். 120 ரூபாய்க்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். கூலியைச் சேர்த்தீர்களா என்று கேட்டேன். “சும்மா இருக்கப்பட்ட நேரத்துல முடையதுதானே பிள்ளே” என்றார்.

ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். குருத்தோலையை முன்பே வெயிலில் காயவைத்து எடுத்திருந்தார். ஈர்க்கைக் கிழித்தெடுத்து, ஓலையை ஒரே அகலத்தில் வாரி, பாதியைச் சாயத்தில் முக்கியெடுக்க 1 மணி 10 நிமிடம். ஈரத்துணியில் சுற்றிவைத்த ஓலையை எடுத்து அடி முடைய 40 நிமிடம். உலர்ந்த ஓலை மடக்கும் இடத்தில் வெடித்துவிடும், அதனால் நடுநடுவே விரலைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டே இருந்தார். சுவர் ஏற ஒன்றரை மணி நேரம். மூடிக்கு 1 மணி நேரம். அடிப்பெட்டியைவிட மூடி கடுகளவு பெரிதாக இருக்க வேண்டும், முதல் மூடி இறுகிப்போனதால் பாதியில் பிரித்தார். விளிம்பு மடக்க 40 நிமிடம். ஆக மொத்தம் 5 மணி நேரம்.

ஓலைக்கும் சாயத்துக்கும் 35 ரூபாய் போக மிஞ்சியது 85. மணிக்கு 17 ரூபாய். நூறுநாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள்கூலி 336. அதை எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால்கூட மணிக்கு 42 வருகிறது. கைத்திறனே கேட்காத வேலைக்கு அந்தக் கூலி. இருபது வருஷம் பழகிய விரலுக்கு அதில் பாதிகூட இல்லை என்பதை அவர் வீட்டுத் திண்ணையில் இருந்து கணக்குப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

திருத்திக் கணக்குப் போட்டோம். முடைய 5 மணி நேரம், 210. படம் எடுக்க, கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல, பொதிய, கூரியர் ஆபீஸ் போய்வர 1 மணி நேரம், 42. இதை யாரும் வேலை என்றே எண்ணுவதில்லை. ஓலை, சாயம் 35. அட்டைப்பெட்டியும் டேப்பும் 30. மொத்தம் 317. பழுதாகும் பெட்டிக்கும் சேர்த்து 350 என்று வைத்தோம். லாபம் என்று இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. இது செலவை ஈடுகட்டும் விலை.

பிடித்த வேலை என்பது கடை தொடங்கப் போதும். எட்டாவது ஆர்டரில் தோள்பட்டை வலிக்கும்போது, வாங்கிய காசு அந்த வலிக்கு ஈடாக இல்லையென்றால் அந்தப் பிரியமே முதலில் போய்விடும். நல்ல கைகள் இப்படி ஓய்ந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

“விலை ஏத்தினா யாரும் வாங்கமாட்டாங்க.”

120க்கு வாங்கியவர்களில் சிலர் வரமாட்டார்கள், அது உண்மைதான். ஆனால் பிளாஸ்டிக் கூடையோடு விலையில் போட்டிபோட்டு ஓலைப்பெட்டி எந்தக் காலத்திலும் ஜெயிக்காது. ஐந்து மணி நேர வேலையைப் படத்தில் காட்டுங்கள். வாரிய ஓலை, பாதி ஏறிய சுவர், விளிம்பு மடக்கும் விரல் எல்லாம் தெரியட்டும். அதைப் பார்த்துவிட்டு வாங்குகிறவர்தான் உங்கள் ஆள்.

“ஓலைப்பெட்டிக்கு எடையே இல்ல, கூரியர் செலவு வராது.”

பலர் கையைச் சுட்டுக்கொள்ளும் இடம் இது. தனியார் கூரியர்கள் பெரும்பாலும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பார்கள். நிஜ எடை, இந்தக் கணக்கு எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் காசு. 30க்கு 30க்கு 25 அளவுள்ள ஒரு பெட்டி அரைக் கிலோகூட இருக்காது. கணக்கில் அது நாலரைக் கிலோ!

இதற்கு வழி நம் பாட்டிமார் வீட்டிலேயே இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற அடுக்குப்பெட்டி. மூன்றை ஒரு செட்டாக விற்றால் கூரியர்காரருக்கு அது ஒரே பெட்டி. தட்டையாக மடங்கும் பைகளும் தடுக்குகளும் அனுப்ப இன்னும் லேசு.

மழையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நமக்கு ஆனி ஆடியிலும் சாரல், ஐப்பசி கார்த்திகையிலும் மழை. ஈரம் வாங்கிய ஓலையை பிளாஸ்டிக் கவருக்குள் அடைத்து அனுப்பினால் போய்ச்சேரும்போது பூசணம் பிடித்திருக்கும். ஒரு நாள் வெயில் காட்டி, காகிதத்தில் சுற்றி, அதன்மேல் கவர் போடுங்கள். வெயில் இல்லாத வாரம் அனுப்பத் தாமதமாகும் என்று வாங்குகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

“ஜிஎஸ்டி இல்லாம ஒண்ணும் முடியாது” / “நம்ம சின்னக் கடைக்கு ஒண்ணும் வேண்டாம்”

இரண்டும் தவறு. வாட்ஸாப்பிலோ இன்ஸ்டாகிராமிலோ ஆர்டர் வாங்கி நீங்களே அனுப்புவது ஒன்று, அமேசான், பிளிப்கார்ட் போன்ற தளத்தில் கடை போடுவது வேறு. தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் நேரடியாக விற்றால் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவையில்லை. வேறு மாநிலத்துக்கு விற்றால் பதிவு வேண்டும் என்பது விதி, ஆனால் கைவினைப்பொருளுக்கு 20 லட்சம்வரை விலக்கு உண்டு. ஓலை, நார்ப் பின்னல்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அதற்கு பான் எண் வேண்டும், அப்படி அனுப்பும் சரக்குக்கு மதிப்பு எவ்வளவு குறைவானாலும் இ-வே பில் (சரக்கோடு போகும் மின்சீட்டு) போட வேண்டும். பெரிய தளத்தின் வழியாக என்றால், 2023 அக்டோபர் 1 முதல் சிறு விற்பனையாளர்கள் பதிவு எண் ஒன்றைப் பெற்று மாநிலத்துக்குள் மட்டும் ஜிஎஸ்டி இல்லாமல் விற்கலாம். தளத்தின் வழியாக வெளிமாநிலத்துக்கு என்றால் ஜிஎஸ்டி கட்டாயம்.

சிறுதொழிலுக்கான உதயம் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். அந்தப் பதிவு முழுக்க இலவசம், ஆதாரும் பானும் போதும். சந்தேகம் இருந்தால் நாகர்கோவில் கோணத்தில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்துவையுங்கள்.

“ஒரு பெரிய ஆர்டர் வந்தா தப்பிச்சோம்.”

அந்த அக்காவுக்கும் வந்தது. ஒரு கல்யாணத்துக்குத் தாம்பூலப் பைக்குப் பதிலாக 200 பெட்டி கேட்டார்கள். ஆறு வாரத்தில் வேண்டுமாம். அவர் சந்தோஷத்தில் சம்மதம் சொல்லப்போனார். பெட்டிக்கு 5 மணி நேரம் என்றால் 1,000 மணி நேரம். வீட்டு வேலைக்கு நடுவே நாளைக்கு 5 மணி நேரம் முடைந்தாலும் தனியாக 200 நாள் ஆகும்.

மூடியில்லாத சின்னப் பெட்டி, இரண்டு மணி நேர வேலை, 100 மட்டும் முடியும் என்று திருப்பிச் சொன்னோம். ஒத்துக்கொண்டார்கள். அக்கம்பக்கத்தில் நான்கு பெண்களைச் சேர்த்தார். நோட்டில் நேரத்தை எழுதி, மணிக்கு 42 என்ற கணக்கை எல்லார் முன்னாலும் வாசித்தார். வயதில் மூத்த பெண் ஒருவர், சின்ன வயதில் கயிறு திரித்தவர், கை வேலையில் இருக்கும்போதே கேட்டார்: “இது எங்க போவுது மக்கா?”

அக்கா செல்போனைத் துடைத்து, மணப்பெண்ணின் தகப்பனார் அனுப்பியிருந்த கல்யாண அழைப்பிதழின் படத்தைக் காட்டினார். கோயம்புத்தூர். அந்த மூத்த பெண் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மணமகள் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார்.