பட்டப்பகலில் ஃப்ளாஷ்!

"நல்லா வெயில் அடிக்குது, எதுக்குப்பா ஃப்ளாஷ்?" என்று கேட்காத நண்பர்கள் குறைவு. சென்னை மவுண்ட் ரோட்டில் பிற்பகல் 2 மணிக்கு ஒருவரை வெயிலைப் பார்க்க நிறுத்திப் படமெடுத்துப் பாருங்கள். கண்குழியிலும் மூக்கின் கீழும் கருநிழல் விழும். கண்ணும் கூசும்.

ஆகவே, ஆளை வெயிலுக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள். இப்போது முகம் முழுவதும் நிழலில் இருக்கும். ஃப்ளாஷுக்கு வேலை இங்கேதான்.

கணக்கு சுலபம். ஐ.எஸ்.ஓ. 100 என்றால் நல்ல வெயிலுக்கு அப்பெர்ச்சர் எஃப் 16, ஷட்டர் 1/125. இது பின்னணிக்கு. ஃப்ளாஷின் கைடு நம்பர் 32 மீட்டர் என்று வைப்போம். 32-ஐ 16-ஆல் வகுத்தால் 2. அதாவது 2 மீட்டர் தூரத்தில் முழு பவர், வெயிலுக்குச் சமம். அப்படியே அடித்தால் முகம் ஒட்டவைத்த மாதிரி தெரியும். பாதி அல்லது கால் பவர் போதும். தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடும். நம்ம பிசிக்ஸ் பாடம்தான்!

ஷட்டரை 1/1000-க்குத் திருப்பிடாதீங்க. பெரும்பாலான எஸ்.எல்.ஆர். கேமராக்களில் 1/200 அல்லது 1/250-ஐத் தாண்டினால், சாதாரண ஃப்ளாஷில் படத்தின் ஒரு பகுதி கறுத்துவிடும்.

செல்போன் ஃப்ளாஷ் வெயிலில் எடுபடாது. கட்டிட நிழலுக்குப் போங்கள். எதிரே வெயில் படும் வெள்ளைச் சுவர் இருந்தால் அதுவே விளக்கு.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: மாநிற முகத்தை வெளுக்க வைக்க ஃப்ளாஷ் அடிக்காதீர்கள். படத்தை வாங்கிப் பார்ப்பவர், "அட, நான்தான்!" என்று சொல்ல வேண்டும்.