அரசு ஆஸ்பத்திரி யாருக்கு? – குழுக் கூட்டத்தில் படிக்க ஒரு பாடம்



போன மாதம் தக்கலைப் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் உள்கடன் நோட்டை விரித்து வைத்து வரிசையாகப் படித்தோம். ஆடு வாங்க, பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட, கூரை மாற்ற என்று எழுதியிருந்தது. ஆனால் அதிகம் வந்தது "ஆஸ்பத்திரி செலவு" என்ற வரிதான். "சீக்கு வந்தா கடன் வாங்காம வேற என்ன செய்ய?" என்று ஓர் அக்கா கேட்டார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பாடம்.

நடந்தது என்ன?

அந்த அக்கா அண்டி ஆபீஸில் வேலை பார்க்கிறார்கள். வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டப் போகிறவர். ஒரு நாள் விடியற்காலையில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. பதற்றத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உயிர் பிழைத்தது, அது பெரிய காரியம். ஆனால் குழுக் கடன் போதவில்லை. கம்மலை அடகு வைத்தார்கள், வெளியிலும் வட்டிக்கு வாங்கினார்கள். இதய அடைப்பு சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. வீட்டில் ரேஷன் கார்டு இருந்தது, ஆதார் இருந்தது. காப்பீட்டு அட்டை மட்டும் எடுக்கவில்லை. "ஒருத்தரும் சொல்லல்லியே" என்று அழுதார்கள். சொல்லாதவர்களில் நாமும் உண்டு சகோதரிகளே.

இலவசம் என்றால் தர்மமா?

நம்ம பக்கத்து நெய்யூரில் 1838-லேயே மிஷன் மருத்துவப் பணி தொடங்கியது. அன்று ஏழைக்கு வைத்தியம் என்பது இரக்கம். இன்று அது உரிமை. நாம் வாங்கும் சோப்பிலும் பிஸ்கட்டிலும் வரி கட்டுகிறோம். அந்தப் பணமும் சேர்ந்துதான் அரசு ஆஸ்பத்திரி நடக்கிறது. காசில்லை என்பதற்காக யாருக்கும் வைத்தியம் கிடைக்காமல் போகக் கூடாது என்று 1946-ல் போர் கமிட்டி அறிக்கை சொன்னது. மேற்கு வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்து அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை அரசு ஆஸ்பத்திரிகள் பல, இடமில்லை, வசதியில்லை என்று திருப்பி அனுப்பின. அந்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், அவசர சிகிச்சை தராமல் விடுவது உயிர் வாழும் உரிமையை மீறுவது என்று தீர்ப்பளித்தது.

மருந்து எப்படி வருகிறது?

1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஏற்படுத்தப்பட்டது. மாநிலம் முழுவதுக்கும் சேர்த்து மொத்தமாக வாங்குவதால் மருந்து விலை குறைகிறது. ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரிக்கும் நம்ம குழு போலவே ஒரு பாஸ்புக் உண்டு. ஒதுக்கிய தொகைக்குள் கிடங்கிலிருந்து மருந்து எடுத்து, அதில் பதிய வேண்டும். எவ்வளவு தேவை என்பது எவ்வளவு பேர் வருகிறார்கள் என்பதை வைத்துத்தான் தெரியும்.

இதை நாங்கள் நேரில் கண்டோம். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் மாத்திரை பத்து நாளைக்குத்தான் கொடுத்தார்கள். ஆளுக்கொரு நாள் போய்ச் சத்தம் போட்டதில் நர்ஸம்மாவுக்கும் கோபம், நமக்கும் கோபம், மாத்திரை மட்டும் கூடவில்லை. பிறகு யாருக்கு என்ன மாத்திரை, எத்தனை நாளைக்குக் கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதி, பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டு டாக்டரிடம் கொடுத்தோம். "இவ்வளவு பேர் எங்க ரிஜிஸ்டர்லயே இல்லையே" என்றார். பாதிப் பேர் மெடிக்கல் ஷாப்பில் காசு கொடுத்து வாங்குகிறவர்கள்! எல்லாரும் பதிந்தோம். இரண்டு மாதம் கழித்து முப்பது நாள் மாத்திரை கிடைத்தது. ஸ்கேனுக்கு மட்டும் இன்னும் தூரம் போக வேண்டியிருக்கிறது. அதற்கும் மனு கொடுத்திருக்கிறோம்.

நாம் செய்ய வேண்டியவை

1. காப்பீட்டு அட்டை: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம் எடுக்கலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் பதியுங்கள். எல்லா நோய்க்கும், எல்லா ஆஸ்பத்திரிக்கும் இது செல்லாது. சேரும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

2. பிரஷர், சர்க்கரை: 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். கொண்டு வருகிற தன்னார்வலர்களும் நம்மைப் போல சுய உதவிக் குழுப் பெண்கள்தான். ஊரில் யாருக்குத் தேவை என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

3. கர்ப்பிணிகள்: 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்தால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்பில் உதவி உண்டு.

4. அவசரத்துக்கு 108. ஆலோசனைக்கும் புகாருக்கும் 104.

5. கிராம சபை: ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. டாக்டர் இல்லை, மருந்து இல்லை என்றால் அங்கே தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். நகல் கேட்டு வாங்கி வையுங்கள்.

கூட்டத்தில் விவாதிக்க

* நம்ம கடன் நோட்டில் ஆஸ்பத்திரிக்குப் போன தொகை எவ்வளவு?
* காப்பீட்டு அட்டை இல்லாத வீடு எத்தனை?
* பக்கத்துச் சுகாதார நிலையத்தில் எது கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை?

அந்த அக்கா இப்போது அட்டை எடுத்துவிட்டார்கள். பழைய கடன் இன்னும் தீரவில்லை. ஆனால் குழுவில் மற்ற ஏழு வீட்டுக்கும் மனு எழுதிக் கொடுத்தது அவர்கள்தான். "நான் பட்டது போதும், நீங்க படாதீங்க மக்கா" என்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு எல்லாரும் ரேஷன் கார்டோடு வாருங்கள். எழுதத் தெரிந்தவர் எழுதட்டும், மற்றவர் கூட நடக்கட்டும்.