பைக்குக் காசு வாங்கலாமா?

சாமான் வாங்கி முடித்ததும் "அப்படியே ஒரு கவர் கொடுங்க அண்ணாச்சி" என்று கேட்காத வாடிக்கையாளர் அபூர்வம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை. கொடுத்தால் அபராதம் நமக்கு. கொடுக்காவிட்டால் ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவாரோ என்ற பயமும் நமக்கே. துணிப்பையை இலவசமாகக் கொடுத்தாலோ, கால் கிலோ பருப்பில் நிற்கும் லாபம் பையோடு போய்விடுகிறது. இந்தச் சிக்கலைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் வெளிநாடுகளில் உண்டு.

அயர்லாந்து அரசு 2002 மார்ச்சில் பிளாஸ்டிக் பை ஒன்றுக்கு 15 சென்ட் தீர்வை விதித்தது. கடைக்காரர் அதைத் தம் கையிலிருந்து கட்டாமல் வாடிக்கையாளரிடமே வசூலிக்க வேண்டும் என்பது விதி. அதுவரை ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 328 பைகள் என்றிருந்த புழக்கம் 21 ஆக இறங்கியது.

"தண்டம் வேண்டாம், சொந்தப் பை கொண்டு வருகிறவருக்குத் தள்ளுபடி கொடுப்போமே" என்று நம்மில் பலர் நினைப்போம். இதை டாட்டியானா ஹோமோனாஃப் என்ற பொருளியல் ஆய்வாளர் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் வட்டாரக் கடைகளில் சோதித்தார். சில கடைகள் சொந்தப் பைக்கு 5 சென்ட் தள்ளுபடி கொடுத்துவந்தன. பலன் ஏறக்குறைய இல்லை. பிறகு மாண்ட்கோமரி மாவட்டத்தில் 2012 ஜனவரியில் பைக்கு அதே 5 சென்ட் வரி வந்தது. கடைப் பை வாங்குவோர் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இருந்தது சுமார் நாற்பதாகக் குறைந்தது. தொகை ஒன்றுதான். ஆனால் வருகிற ஐந்து காசைவிடப் போகிற ஐந்து காசு மனிதனுக்குப் பெரிதாகத் தெரிகிறது. கல்லாவில் உட்கார்ந்தவருக்கு இது புதிய சேதியா என்ன!

நாம் கற்க வேண்டியது அவர் கணக்கிட்ட முறையை. வரிக்கு முன், வரிக்குப் பின் என்று மட்டும் பார்த்தால் போதாது. ஆகவே வரியே இல்லாத பக்கத்து வர்ஜீனியாக் கடைகளிலும் அதே காலத்தில் எண்ணி ஒப்பிட்டார்.

இதை நம் கடைக்குப் பொருத்துவோம். பைக்குக் காசு வாங்குமுன் நூறு பேரில் 20 பேர் சொந்தப் பை கொண்டு வந்தார்கள், பின்பு 45 பேர் என்று வைத்துக்கொள்வோம். காசு வாங்காத பக்கத்துத் தெருக் கடையிலும் அதே நாட்களில் 20 என்பது 28 ஆகியிருந்தால், அந்த 8 ஊர்ப்போக்கு. நம் ஏற்பாட்டின் பலன் 25 அல்ல, 17. சம்பள வாரத்தைச் சம்பள வாரத்தோடுதான் ஒப்பிட வேண்டும். மாதச் சாமான் வாங்க வருகிறவர் பையோடு வருவார்; அவசரத்துக்குப் புளி வாங்க வருகிறவர் கையை வீசிக்கொண்டு வருவார்.

கணக்கு கசப்பையும் காட்டும். கலிபோர்னியாவில் பல ஊர்கள் பைகளைத் தடை செய்தபோது, ரெபெக்கா டெய்லர் என்பவர் கடைகளின் விற்பனைப் பதிவுகளை ஆராய்ந்தார். கைப்பைகளில் 4 கோடி பவுண்டு பிளாஸ்டிக் மிச்சமானது. ஆனால் முன்பு கடைப் பையில் குப்பை கட்டியவர்கள் குப்பைப் பைகளை விலைக்கு வாங்கத் தொடங்க, அதில் 1 கோடியே 20 லட்சம் பவுண்டு கூடிவிட்டது. மிச்சமானதில் பத்தில் மூன்று பங்கு இப்படித் திரும்பி வந்தது. இருந்தும் நிகர லாபம் லாபம்தான். இந்த உண்மை கிடைத்தது கடைக்காரரின் பில்லிலிருந்து என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு சிட்டையும் பென்சிலும் இருந்தால் நாமும் பார்த்துவிடலாம். பையோடு வந்தவர், வராதவர் என்று இரு பத்தியில் கோடு போட்டு, அன்றைய பில் எண்ணிக்கையையும் அடியில் குறித்து வைக்க வேண்டும். ஆள் அடுத்த கடைக்குப் போனாரா இல்லையா என்பதை அந்தக் கடைசி வரிதான் சொல்லும்.